வீட்டுக்குள் முத்துப்பூண்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் ஆறு, ஒரே செடியைப் பற்றியவை. ஆங்கிலத்தில் 'பேர்ல்வோர்ட்' என்றும், கடைகளில் 'ஐரிஷ் மொஸ்' என்றும் சொல்லப்படுகின்ற, சாடியின் விளிம்புவரை பச்சைக் கம்பளம் போலப் படர்கின்ற அந்தச் சிறு செடிக்குத் தமிழில் வழங்கும் பெயர் எதையும் நான் கேட்டதில்லை. பேர்ல் என்பது முத்து. வோர்ட் என்பது பூண்டு. ஆகவே வசதிக்காக இங்கே முத்துப்பூண்டு என்றே எழுதுகிறேன். அதன் வெண்ணிற மொட்டுகளைப் பார்த்தவர்கள் இந்தப் பெயரைக் குறைசொல்ல மாட்டார்கள்.

கேள்வி: ஐயா, கடந்த தை மாதம் நுவரெலியாவுக்குச் சென்றபோது வீதியோர நாற்றுமேடையொன்றில் இச்செடியை வாங்கினேன். 'பராமரிப்புக் குறைந்தது, வீட்டுக்குள் வளரும்' என்று சாடியில் ஒட்டியிருந்தார்கள். மாசி முடியும்வரை வரவேற்பறை யன்னலில் மிக நன்றாக இருந்தது. பங்குனியில் நடுப்பகுதி மஞ்சளித்தது. சித்திரையில் கைப்பிடியளவு இடம் கபில நிறமாகிவிட்டது. தண்ணீர் போதவில்லையென்று எண்ணிக் காலையும் மாலையும் ஊற்றினேன். நிலைமை இன்னும் மோசமாகியது. ஓரத்தில் எஞ்சியிருக்கும் பச்சையையாவது காப்பாற்ற வழியுண்டா? – வாசகி, மாங்குளம்

பதில்: சகோதரி, வழி உண்டு. ஆனால் உங்கள் செடியை வருத்தியது தாகம் அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சாடியில் ஒட்டியிருந்த வாசகமும் பொய்யன்று; எந்த ஊரில் பராமரிப்புக் குறைவு என்பதை மட்டும் அது சொல்லாமல் விட்டுவிட்டது.

முத்துப்பூண்டின் தாவரவியற் பெயர் சஜினா சுபுலேட்டா. ஐரோப்பாவின் குளிர்ந்த, காற்றோட்டமான, மணலும் கல்லும் கலந்த நிலங்களே அதன் பிறப்பிடம். கோடையிலும் பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அரிதான இடங்களில், நடைபாதைக் கற்களின் இடுக்குகளில் அதை நட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது தன்பாட்டிற் படர்கிறது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு முத்துப்பூண்டு, அங்குள்ள புற்றரைகளிற் களையாகவே பிடுங்கி எறியப்படுகிறது. நமது வளவில் கோரையையும் அறுகையும் யாரும் தண்ணீர் விட்டு வளர்ப்பதில்லை அல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையளவில் நிற்கிறது. அங்கிருந்து மாங்குளத்துக்கு ஒரே நாளில் இறங்கிய செடிக்கு, அது பேருந்துப் பயணமன்று. நாடு விட்டு நாடு பெயர்ந்த கதை.

எல்லோரும் பகல் வெயிலைத்தான் குற்றஞ்சாட்டுகிறார்கள். என் கணிப்பில் இந்தச் செடியைத் தோற்கடிப்பது நமது இரவு. பகலில் ஒளியைக் கொண்டு இலை ஆக்குகின்ற சீனியில் ஒரு பங்கைச் செடி இரவு முழுவதும் சுவாசத்துக்காகச் செலவிடுகிறது. பொதுவாக, வெப்பநிலை 10 பாகை கூடும்போது அந்தச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். 12, 14 பாகை இரவுக்குப் பழகிய ஒரு செடி, சித்திரை மாதத்தில் நள்ளிரவிலும் 27, 28 பாகைக்குக் குறையாத சீமெந்துச் சுவர் அறைக்குள் நின்றால், பகலில் உழைத்ததை இரவில் முழுவதுமாகச் செலவழித்துவிட்டு மறுநாள் கடனோடு விடிகிறது. தையிலும் மாசி முற்பகுதியிலும் வாடைக்காற்று இன்னும் முற்றாக ஓயாமல் இரவுகள் தணிந்திருந்தமையால் உங்கள் செடி செழிப்பாக நின்றது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கின்ற நாட்களில் அதன் கையிருப்புத் தீர்ந்துவிட்டது.

நடுப்பகுதி முதலில் கருகியதற்கும் காரணம் உண்டு. இச்செடி வெளிநோக்கிப் படர்வது. நடுவில் இருப்பவை பழைய தண்டுகள். அவை ஒன்றோடொன்று நெருங்கிக் கிடப்பதால் அவ்விடத்திற் காற்று நுழைவதில்லை. அங்கே வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அழுகல் பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. நீங்கள் காலையும் மாலையும் மேலிருந்து ஊற்றிய தண்ணீர் அந்த நடுப்பகுதியைத்தான் நனைத்திருக்கிறது.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கபில நிறமான பகுதியைக் கூரிய கத்தரிக்கோலால் மண்வரை வெட்டி அகற்றி, எரித்துவிடுங்கள். ஓரத்துப் பச்சையை வேருடன் ஐந்து ரூபாய்க் குற்றியளவு துண்டுகளாகப் பிரித்தெடுங்கள். ஆழமான சாடி தேவையில்லை. வேர் ஆழமாகப் போவதில்லை. நான்கு அங்குல உயரமுள்ள, வாய் அகன்ற, அடியில் துளையிட்ட, வர்ணம் பூசாத மண்சட்டியே எல்லாவற்றிலும் சிறந்தது. கழுவிய ஆற்றுமணல் இரண்டு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு என்ற கலவை போதுமானது. தும்புச்சோற்றை மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். அதில் உப்புத் தங்கியிருப்பது வழக்கம். வளவுச் செம்மண்ணை மட்டும் சாடியில் இட்டால் மூன்றே கிழமையில் அது செங்கல்லாகிவிடும். முருங்கன் பக்கத்துக் கருமண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. துண்டுகளை இரண்டு விரற்கடை இடைவெளியில் நட்டு, இலேசாக அழுத்தி, பத்து நாட்களுக்கு நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

அடுத்ததாக, இரவைத் தணிப்பதற்கான வழி. பெரிய மண்சட்டியொன்றின் அடியில் மணல் பரப்பி, அதன்மேல் செடிச் சட்டியை வைத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியையும் மணலால் நிரப்பி, அந்த மணலை மட்டும் ஈரமாக வைத்திருங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கு எது காரணமோ அதுவே இங்கும் வேலை செய்கிறது: சுவரின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, வேரடி சில பாகைகள் தணிகிறது. வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் காற்று காய்ந்திருப்பதால், நமக்கு வேண்டிய காலத்தில்தான் இந்த உபாயம் நன்றாகப் பலிக்கும். மாரியில் காற்று ஈரமாகி இது பயனற்றுப் போனாலும் அப்போது இது தேவைப்படாது. சட்டியை யன்னற் கட்டில் வைக்காமல், கிழக்குப் பார்த்த விறாந்தையிலோ அறையிலோ தரையை ஒட்டி வையுங்கள். வெய்யிலில் நின்ற சுவரும் சீமெந்துக் கட்டும் இரவு வெகுநேரம்வரை சூட்டைக் கக்கும், தரை அப்படியன்று. மின்விசிறியின் காற்று நேராகப் படாமல் அறைக்குள் அசைந்துகொண்டிருந்தால் நல்லது.

இவ்வளவும் செய்தாலும், ஐப்பசி மழைவரை அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்குமே தவிர, நுவரெலியாவிற் கண்ட தோற்றத்தை ஆடி, ஆவணியில் எதிர்பார்க்காதீர்கள். நான் என்றால் இதைக் கார்த்திகையில் வந்து பங்குனியிற் போகின்ற விருந்தாளியாகவே நடத்துவேன். மாரி தொடங்கும்போது உள்ள துண்டுகளைப் பிரித்து நட்டால் மாசிக்குள் ஒரு சட்டி நிறைந்துவிடும்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் சட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளையாகப் படிகிறது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைப் பயன்படுத்தலாமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும்? – வாசகர், கிளிநொச்சி

பதில்: வெள்ளையாகப் படிவதில் இரண்டு வகை உண்டு. கேத்திலின் அடியிற் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு வகை ஒன்று. கொதிக்கவைத்தால் அதில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும்; தெளிந்ததை வடித்து ஊற்றலாம். மற்றது கறியுப்பு. பூநகரிப் பக்கத்தைப் போலக் கடனீரேரியை ஒட்டிய கிணறுகளில் இதுதான் தொல்லை. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி உப்பு இன்னும் செறியுமே தவிரக் குறையாது. வாயில் வைத்துப் பார்த்தால் எந்த வகையென்று உங்களுக்கே தெரியும்.

முத்துப்பூண்டுக்கு நடுநிலையான அல்லது சிறிதளவு அமிலத் தன்மையுள்ள மண் பிடிக்கும். ஆகவே மழைத்தண்ணீரே சிறந்தது. இந்தச் செடி குடிப்பது மிகக் கொஞ்சம் என்பதால், கூரைத் தண்ணீரை முதல் இரண்டு மழை கழிந்த பின்னர் மூடியுள்ள பரல் ஒன்றிற் பிடித்து வைத்தால் ஒரு சட்டிக்கு மாதக்கணக்கில் வரும். மழைநீர்த் தாங்கி உள்ள வீடுகளில் கவலையே இல்லை. கிணற்றுத் தண்ணீர்தான் உள்ளதென்றால், மாதம் ஒருமுறை சட்டியின் அடித்துளையால் தாராளமாக வழிந்தோடும்வரை ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள். மண்ணின் மேற்படிந்த வெள்ளைப் பொருக்கைக் கரண்டியாற் சுரண்டி எடுத்து, அந்த இடத்துக்குப் புதிய மணல் இடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று நாட்கணக்குச் சொல்ல நான் விரும்புவதில்லை. சோளகக் காலத்தில் ஒரு நாளிற் காய்கின்ற சட்டி, மார்கழியில் ஐந்து நாளானாலும் காயாது. சட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். நீர் விட்டவுடன் உள்ள பாரம் ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால் பிறகு கணக்குத் தேவையில்லை. மேல்மண் விரலில் ஒட்டாமல், அதேவேளை உள்ளே குளிர்ச்சி தெரிகின்ற நிலைதான் நீர் விடும் தருணம். முற்றாகக் காயவிட்டால் இதன் நுண்வேர்கள் மீள்வதில்லை. நீரை மேலிருந்து ஊற்றாமல், தட்டொன்றில் அரை அங்குல உயரத்துக்கு நீர் விட்டு அதிற் சட்டியைக் கால் மணித்தியாலம் வைத்து, மீதியை ஊற்றிவிடுங்கள். இதை மறக்கக் கூடாது: தட்டிலே தண்ணீர் கிடந்தால் டெங்கு நுளம்புக்கு அது தொட்டில். வேர் அழுகுவது ஒருபுறமிருக்க, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு நீங்கள் சொல்வதற்கு விடையிருக்காது. முதற் பதிலில் நான் எழுதிய இரட்டைச் சட்டிக்கும் இது பொருந்தும்; மணல் ஈரமாக இருக்கலாம், அதன்மேல் நீர் நிற்கக் கூடாது.

கேள்வி: குளிர்மைக்காகச் செடியின் மேல் ஐஸ்கட்டி வைக்கலாமா? – வாசகி, பரந்தன்

பதில்: வேண்டாம். தொட்ட இலை குளிரால் கருகும், உருகிய நீர் நடுப்பகுதியில் தேங்கும், அரை மணித்தியாலத்தில் பழைய வெக்கை திரும்பிவிடும்.

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவன். ஐரிஷ் மொஸ் என்றால் அது பாசிதானே? மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் இதை வளர்த்துப் பாடசாலைக் கண்காட்சியில் வைக்க விரும்புகிறேன். – மாணவர், வவுனியா

பதில்: தம்பி, பெயரை வைத்து வகைப்படுத்தினால் பரீட்சையிற் புள்ளி கிடைக்காது. பாசிக்கு உண்மையான வேர் இல்லை, பூ இல்லை, விதை இல்லை; அது வித்திகளால் இனம் பெருக்குகிறது. முத்துப்பூண்டுக்கு இவை எல்லாமே உண்டு. அது கரியோபிலேசியே குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் தாவரம். பூச்செண்டுகளிற் காணும் கார்னேஷன் அதே குடும்பம். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பாருங்கள்: ஊசிபோன்ற சிற்றிலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்து, அடியில் இணைந்திருக்கும். இலை நுனி ஒரு மயிரிழை போல முடியும். சுபுலேட்டா என்ற இலத்தீன் சொல்லே குத்தூசி போன்றது என்ற பொருளுடையதுதான். பூ வந்தால் ஐந்து வெள்ளை இதழ்களை எண்ணலாம்; குறுக்களவு அரைச் சென்றிமீற்றர் அளவுதான். பொன்னிறம் கலந்த இலையுள்ள வகையை 'ஸ்கொட்ச் மொஸ்' என்று விற்கிறார்கள், அதுவும் பாசியன்று.

குழப்பம் இத்தோடு முடியவில்லை. ஐரிஷ் மொஸ் என்ற அதே பெயரால் அத்திலாந்திக் கரையில் வளரும் கொண்டிரஸ் கிறிஸ்பஸ் என்ற செந்நிறக் கடற்பாசியையும் அழைக்கிறார்கள். உணவுப் பொருட்களைக் கெட்டியாக்கும் கரஜீனன் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே இணையத்தில் 'ஐரிஷ் மொஸ்' மருந்துக்கு நல்லது, கூழ் காய்ச்சிக் குடிக்கலாம் என்றெல்லாம் வருவது அந்தக் கடற்பாசியைப் பற்றியது. சாடியிலுள்ளதைப் பிடுங்கி யாரும் கூழ் காய்ச்ச வேண்டாம்.

போத்தலைப் பொறுத்தவரை, முத்துப்பூண்டை அதற்குள் அடைத்தால் கண்காட்சித் திகதிக்கு முன்னரே அது அழுகிவிடும். மூடிய கண்ணாடி வெப்பத்தைப் பிடித்துவைக்கும், காற்றை மறிக்கும். இரண்டுமே அதற்குப் பகை. உங்களுக்குத் தேவையானது உண்மையான பாசி. மார்கழியில் கிணற்றுக்கட்டின் வெளிச்சுவரிலும், நிழலில் நிற்கும் பழைய செங்கல்லிலும் அது வெல்வெட்டுப் போலப் படிந்திருக்கும். தகட்டுக் கரண்டியால் அடிமண்ணோடு பெயர்த்தெடுத்து, மணலும் உமிக்கரியும் பரப்பிய போத்தலில் வைத்து, மழைத்தண்ணீர் தெளித்து மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பக்கத்தில் திறந்த மண்சட்டியொன்றில் முத்துப்பூண்டையும் வைத்து, 'இவற்றுள் எது பாசி?' என்று எழுதிவையுங்கள். ஆசிரியர்களிலும் சிலர் தடுமாறுவார்கள்.

கேள்வி: வீட்டைச் சுற்றி மாமரங்கள் நிற்பதால் யன்னல்கள் எல்லாமே நிழல். செடி கம்பளம் போலப் படராமல் நெட்டையாக எழும்பிச் சரிகிறது. உரம் போட வேண்டுமா? – வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: உரத்தைத் தொடாதீர்கள். அது பசியில் எழும்பவில்லை, ஒளியைத் தேடி எழும்புகிறது. உரமிட்டால் தண்டு இன்னும் மெலிந்து நீளும். நல்ல ஒளியுள்ள இடத்திற்கூட, உரம் கூடினால் கம்பளம் மேடு பள்ளமாகக் குமிழ்விடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, குறிப்பிட்ட அளவின் பாதிச் செறிவில் திரவ உரம் என்பதே இதற்கு அதிகம்.

நமது கண் நிழலுக்கு எளிதிற் பழகிவிடுவதால் அறை வெளிச்சமாகத்தான் தோன்றும். மதியத்தில் செடி இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் மேலே கையைப் பிடித்துப் பாருங்கள். விளிம்பு தெளிந்த நிழல் விழுந்தால் இடம் நல்லது. மங்கலாக விழுந்தால் போதாது. நிழலே விழவில்லையென்றால் அந்த இடத்தில் பிளாஸ்ரிக் பூவைத்தான் வைக்கலாம். மாமரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வராது. சாதாரண வெள்ளை எல்ஈடி விளக்கொன்றைச் செடிக்கு ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 12 முதல் 14 மணித்தியாலம் எரியவிடுங்கள். இலைமட்டத்தில் உள்ளங்கையைப் பிடித்தால் சூடு தெரியக் கூடாது. நீண்ட தண்டுகளைக் கத்தரிக்கோலால் பாதியாக நறுக்கிவிட்டால் அடியிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்.

கேள்வி: கனடாவிலுள்ள என் அக்கா இச்செடியின் விதைகளைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புவதாகச் சொல்கிறார். அதை விதைப்பது எப்படி? அது சரிவராவிட்டால், இதைப் போலவே தோற்றமளிக்கும், நமது வெக்கையைத் தாங்கும் வேறு செடி ஏதும் உண்டா? – வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: அக்காவின் அன்பு பெரிதுதான், ஆனால் கடிதத்துக்குள் வைத்து அனுப்ப வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டிலிருந்து செடியோ விதையோ கொண்டுவர அனுமதி பெற வேண்டும். கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுத்தடைகாப்புச் சேவைதான் அதைக் கவனிக்கிறது. ஒரு சிட்டிகை விதைக்கு இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். விதையோடு ஒட்டி வருகின்ற நோய்க்கு அது ஒரு சிட்டிகை என்பது தெரியாது. முறையான வழியில் விதை கிடைத்தால், மார்கழியில், ஈரமான மணற்கலவையின் மேல் தூவி, மண்ணால் மூடாமல் விடுங்கள். விதை தூசிபோன்றது, ஒளி படவேண்டும். 20 பாகையை ஒட்டிய வெப்பநிலையில் ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் முளைக்கும். நமது மார்கழி இரவுகள்தான் அதற்கு மிக நெருங்கி வருவன.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. உங்கள் கிணற்றடியிலேயே அநேகமாக விடை வளர்ந்துகொண்டிருக்கும். தண்ணீர் தெறிக்கும் கட்டின் வெடிப்புகளில், கடுகளவு இலைகள் நெருங்கிய, சாறுள்ள இளம்பச்சைத் தண்டுகளோடு ஒரு சிறு பூண்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். யாரும் அதைப் பெயர்சொல்லி அழைப்பதில்லை, முற்றம் துப்புரவாக்கும்போது பிடுங்கி எறிவதோடு சரி. பிலியா மைக்ரோபில்லா என்பது அதன் பெயர். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் மொட்டு வெடித்து மகரந்தத்தைப் புகைபோல வீசுவதால் ஆங்கிலத்திற் பீரங்கிச் செடி என்கிறார்கள். முத்துப்பூண்டைவிடச் சற்று உயரமாக வளரும். மாதம் ஒருமுறை நுனியை நறுக்கிவிட்டால் தாழ்வாக அடர்ந்துவிடும். வீட்டு வெக்கை அதற்கு ஒரு பொருட்டே அன்று.

குளக்கரைச் சேற்றில் படர்கின்ற நீர்ப்பிரமியும் எனக்கு மிக விருப்பமானது. அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும், தண்ணீரும் கூட வேண்டும்; ஆனால் முத்துப்பூண்டை அழுகச்செய்கின்ற ஈரம் இதற்கு வாழ்வு. வெண்மையும் இளநீலமும் கலந்த பூவும் பூக்கும். ஐப்பசி மழையில் குளம் நிரம்பத் தொடங்கும் முன், கரையிலிருந்து ஒரு சாண் நீளத் தண்டுகள் நான்கைந்தை வெட்டிவந்து, அகன்ற மண்சட்டியில் ஈரச் சேற்றின் மேல் கிடையாகப் பரப்பி, கணுக்களின்மேல் சிறிது மணல் தூவிவிடுங்கள். ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும்.